நடுவில் நிற்பவரின் கதை

திருவண்ணாமலைக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. எதையோ தேடி வருகிறவர்கள் ஒரு வகை. எதையோ கொடுக்க வருகிறவர்கள் இன்னொரு வகை. தேடி வருகிறவர்களை எல்லோருக்கும் தெரியும். கார்த்திகை நெருங்கும்போது செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைச் சுற்றி வந்து இறங்குவார்கள், வாடகைக்கு ஸ்கூட்டர் எடுப்பார்கள், மாசி வெயில் ஏறியதும் கிளம்பிவிடுவார்கள். கொடுக்க வந்தவர்கள் இவர்களுக்கெல்லாம் மூத்தவர்கள். ஊருக்குள் இருக்கும் டேனிஷ் மிஷன் பள்ளியும், திருக்கோவிலூரில் இருக்கும் டேனிஷ் மிஷன் மருத்துவமனையும் அவர்கள் வைத்துவிட்டுப் போனவை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தேடி வருகிறவர்கள் யாரைத் தேடி வருகிறார்களோ, அந்த ரமணரே கொடுக்க வந்தவர்களிடம் படித்தவர்தான். 1896இல் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அவர் மதுரை அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியின் மாணவர்.

இரண்டு வகையினரும் நிறைய எழுதியிருக்கிறார்கள். தேடி வந்தவர்களின் புத்தகங்கள் ஆசிரமத்துப் புத்தகக் கடையில் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேசியாகிவிட்டது. கொடுக்க வந்தவர்களின் எழுத்தை நாம் இலக்கியமாகப் படிப்பதில்லை. ஒன்று பக்தியோடு படிக்கிறோம், இல்லையென்றால் மதமாற்றத்தின் ஆவணமாகச் சந்தேகத்தோடு படிக்கிறோம். இரண்டுமே பிரதியைப் படிப்பது ஆகாது. மருத்துவம் பார்க்கவும் கட்டடம் கட்டவும் கடல் தாண்டிப் போன கிறிஸ்தவத் தொண்டர்களின் கதைகளை, அவர்கள் எழுதியதையும் அவர்களைப் பற்றி மற்றவர்கள் எழுதியதையும், கதைகளாகவே வைத்துப் பார்க்கலாம் என்பது இந்தக் கட்டுரையின் முயற்சி. இந்தக் கதைகளில் ஒரு ஆள் தொடர்ந்து காணாமல் போகிறார். அவரைத் தேடுவதுதான் என் வேலை.

*

முதலில் இன்றைய வடிவத்தைப் பார்ப்போம். அமெரிக்காவிலோ கொரியாவிலோ ஒரு சபை. பத்து இருபது பேர் சேர்ந்து நிதி திரட்டி, ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஓர் ஏழை நாட்டுக்குப் போகிறார்கள். பாதிப் பேர் மருத்துவ முகாமில் உட்காருவார்கள், மீதிப் பேர் பள்ளிக்கூடத்துக்குச் சுவர் எழுப்புவார்கள். திரும்பியதும் ஓர் அனுபவக் கட்டுரை எழுதுவார்கள்.

இந்தக் கட்டுரைகள் கொஞ்சம் படித்தால் போதும், அவற்றின் இலக்கணம் பிடிபட்டுவிடும். விமானப் பயணம், புழுதிச் சாலை, முதல் நாள் அதிர்ச்சி. பிறகு ஒரு குழந்தை. குழந்தைக்குப் பெயர் இருக்காது, சிரிப்பு மட்டும் இருக்கும். கடைசியில், கொடுக்கப் போன நான்தான் அதிகம் பெற்றுக்கொண்டு வந்தேன் என்று ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். சிக்கலே அதில்தான். பெற்றுக்கொண்டவர் யார், கொடுத்தவர் யார் என்று கணக்கு திரும்பிவிட்ட பிறகும், கதையின் நாயகர் மாறுவதில்லை.

இதை வெளியிலிருந்து வந்த விமர்சகன் யாரும் முதலில் சொல்லவில்லை. 1968இல் மெக்சிகோவின் குவெர்னவாகாவில், தொண்டு செய்யப் புறப்பட்டு வந்திருந்த அமெரிக்க மாணவர்கள் கூட்டத்தில் நின்று இவான் இல்லிச் சொன்னார். அவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். உங்கள் நல்லெண்ணத்தைத் தூக்கிப் போடுங்கள் என்ற ரீதியில் இருந்தது அந்த உரை. மெக்சிகோவுக்கு வாருங்கள், சுற்றிப் பாருங்கள், படியுங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்பது அதன் சாரம். அவர் அடுக்கிய காரணங்களில் என்னைப் பிடித்து நிறுத்தியது மொழி. நீங்கள் யாருக்கு உதவுவதாக நினைக்கிறீர்களோ, அவர்கள் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதை உங்களிடம் சொல்வதற்குக்கூட உங்கள் இருவருக்கும் பொதுவான பேச்சு இல்லை என்றார் அவர்.

இல்லிச் சொன்னது பாதி சரி. பொதுவான பேச்சு இல்லைதான். ஆனால் பேச்சு நடந்துகொண்டுதானே இருக்கிறது? முகாமில் ஊசி போடுகிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள், சுவர் எழும்புகிறது. அப்படியானால் நடுவில் யாரோ நிற்கிறார்கள். அந்த யாரோதான் நம் ஆள்.

*

நடுவில் நிற்கும் ஆளை முதலில் நன்றாகக் கண்டுகொண்டவர்கள் நாவலாசிரியர்கள். சினுவா அச்செபேயின் 'சிதைவுகள்' நாவலில் வெள்ளைக்காரப் பாதிரியார் முதன்முதலாகப் பேசும் காட்சியை நினைத்துப் பாருங்கள். மொழிபெயர்ப்பவரும் இக்போதான், ஆனால் வேறு வட்டாரத்துக்காரர். 'நான்' என்று அவர் சொல்லும்போதெல்லாம் கேட்கிறவர்களின் காதில் 'என் புட்டம்' என்று விழுகிறது. கூட்டம் சிரிக்கிறது. அந்தச் சிரிப்புக்குள் ஒரு சமூகமே உடையப்போகிறது என்பது நமக்குப் பிறகுதான் தெரியும்.

பார்பரா கிங்சால்வரின் 'பாய்சன்வுட் பைபிள்' 1998இல் வந்தது. காங்கோவுக்குக் குடும்பத்தோடு போகும் ஓர் அமெரிக்க பாப்டிஸ்ட் பிரசங்கியாரின் கதை. அவர் மொழிபெயர்ப்பாளரைத் தாண்டித் தானே அந்த ஊர் மொழியில் முழங்கப் பார்க்கிறார். இயேசு விலைமதிப்பற்றவர் என்று சொல்ல நினைத்து உச்சரிப்பைக் கோட்டைவிட, இயேசு தொட்டால் உடம்பெல்லாம் புண்ணாக்கும் விஷமரம் என்று ஆகிவிடுகிறது. அவர் அதைக் கடைசிவரை திருத்திக்கொள்வதில்லை. எனக்கு அந்த நாவலில் சில இடங்கள் அலுப்பு. பிரசங்கியாருக்கு மட்டும் ஆசிரியர் உள்ளத்தைக் கொடுக்கவே இல்லை, மனைவியும் நான்கு மகள்களும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் பிரசங்கத்தை மொழிபெயர்க்கும் அனத்தோல் என்ற பள்ளி ஆசிரியர் வரும் இடங்களில் எல்லாம் நாவல் நிமிர்ந்து உட்காருகிறது. இரண்டு பக்கமும் என்ன சொல்லப்படுகிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

இதை நாவலில் மட்டும் பார்க்கவேண்டியதில்லை. ரமணா நகர்ப் பக்கம் பல குளிர்காலங்களாக வெளிநாட்டுக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் ஓர் அக்காவை எனக்குத் தெரியும். வீடு பிடித்துக் கொடுப்பது, டாக்டரிடம் கூட்டிப்போவது, சத்சங்கத்தில் பக்கத்தில் உட்காருவது எல்லாம் அவர் வேலைதான். ஒருமுறை ஏதோ ஒரு வெளிநாட்டுக் குழு சுற்றுவட்டாரக் கிராமம் ஒன்றில் போட்ட மருத்துவ முகாமுக்கும் போனார். அவர் சொன்னது இது:

"வர்றவங்கள்ல பாதிப் பேர் கிழவிங்கதான்பா. ஒருத்தி கால் குடைச்சலுன்றா, ஒருத்தி உளைச்சலுன்றா, ஒருத்தி கடுப்புன்றா. இன்னொருத்திக்கு மதமதன்னு கிடக்குது. எல்லாத்தையும் நான் இங்கிலீஷ்ல பெயின், பெயின்னுதான் சொல்றேன். டாக்டரம்மா நல்லவங்க. முகத்தப் பாத்தாலே தெரியும். ஆனா அவங்க காதுக்குப் போறது ஒரே வார்த்தைதானே. ஒரு கிழவி நெஞ்சு படபடன்னு அடிக்குதும்மா, ராத்திரி தூக்கமில்ல, மருமவ சோறு போடும்போது தட்ட ணங்குன்னு வைக்கிறான்னா. இதுல எத நான் சொல்லட்டும்? பின்னாடி நூறு பேரு வரிசைல நிக்கிறாங்க."

குடைச்சல், உளைச்சல், கடுப்பு, குத்தல், இசிவு, மதமதப்பு. ஒவ்வொன்றும் வேறு வேறு. எலும்புக்குள் துருவுவது ஒன்று, உழைத்த உடம்பு இரவில் கேட்பது இன்னொன்று, மரத்துப்போவது வேறொன்று. நோய் என்னவென்று ஊகிக்க ஒரு மருத்துவருக்கு இந்த வித்தியாசம் வேண்டும். தட்டை ணங்கென்று வைப்பதும் நோயின் பகுதிதான். அன்றைக்கு அந்தக் கிழவிக்குக் கிடைத்தது ஒரு வாரத்துக்கான சத்து மாத்திரை. முகாம் முடிந்தது, குழு கிளம்பியது. மறுநாள் காலை அந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று கேட்டு அந்தக் கிழவி போய் நின்றது அக்காவின் வீட்டு வாசலில்.

எந்தப் பயணக் கட்டுரையிலும் இந்த மறுநாள் காலை கிடையாது. இலக்கியமாகப் பார்த்தால் அந்த வடிவத்தின் மிகப்பெரிய குறை இதுதான் என்பேன்.

*

நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னால் ஒருவர் இந்தக் குறையைச் சரியாகக் கண்டுபிடித்தார். சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவமனை அமைத்தார். அவருக்கு முன்பே, 1819இல், ஜான் ஸ்கடர் இலங்கைக்கு வந்து பண்டத்தரிப்பில் மருத்துவம் பார்த்திருக்கிறார். கிறீன் செய்த புதுக் காரியம் என்னவென்றால், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கலாம் என்று முடிவெடுத்ததுதான். ஆங்கிலத்தில் படிக்கிறவன் அரசாங்க உத்தியோகம் தேடிப் போய்விடுவான், தமிழில் படிக்கிறவன் தன் கிராமத்திலேயே இருப்பான் என்பது அவருடைய கணக்கு. இவர்களைக் கிறிஸ்தவர்களாக்க வேண்டும், ஐரோப்பியர்களாக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. முதல் பாதியை நீங்கள் ஏற்கலாம், ஏற்காமல் போகலாம். இரண்டாம் பாதி அன்றைய மிஷன் உலகில் சாதாரணமாகக் கேட்கக்கூடிய பேச்சு இல்லை.

'மனுஷ அங்காதிபாதம்', 'இரண வைத்தியம்', 'கெமிஸ்தம்' என்று அவர் தலைமையில் வந்த நூல்களின் பெயர்களைச் சும்மா வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். உடற்கூற்றியலுக்கு அங்காதிபாதம். ரசாயனத்துக்குக் கெமிஸ்தம். ஒன்றில் வடமொழியைப் பிடித்துக்கொள்கிறார், இன்னொன்றில் ஆங்கிலத்தைத் தமிழ்போல ஒலிக்கவைக்கிறார். இன்றைய கலைச்சொல் அறிஞர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். எனக்கு இதில் ஒரு மருத்துவர் திண்ணையில் உட்கார்ந்து, இந்த நரம்புக்கு உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பது தெரிகிறது. கேட்கப்பட்டவர்கள் அவருடைய மாணவர்கள். நூல்களில் பலவற்றை மொழிபெயர்த்ததும் அவர்கள்தான். கிறீன் 60க்கும் மேற்பட்ட மருத்துவர்களைப் பயிற்றுவித்துவிட்டு 1873இல் ஊர் திரும்பினார், 1884இல் மாசசூசெட்ஸில் இறந்தார். தமிழர்களுக்கான மருத்துவ ஊழியர் என்று கல்லறையில் எழுதச் சொல்லியிருந்தார்.

அவருக்குப் பிறகு மருத்துவக் கல்வி ஆங்கிலத்துக்கே போய்விட்டது. அதனால் கிறீன் தோற்றுவிட்டார் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் வேறு மாதிரி பார்க்கிறேன். நடுவில் நிற்கும் ஆள் தேவைப்படாத ஒரு மருத்துவத்தை அவர் கற்பனை செய்தார். நோயாளியும் வைத்தியரும் ஒரே மொழியில் குடைச்சல் என்றும் உளைச்சல் என்றும் பேசிக்கொள்ளும் ஒரு அறை. அந்தக் கற்பனை இன்னும் நிறைவேறவில்லை. இன்றைக்குச் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் நம் அம்மாக்களைக் கேட்டால் தெரியும்.

*

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியாகப் போகும் சாலை திண்டிவனத்தில் முடிகிறது. அந்தத் திண்டிவனத்தில்தான் தமிழக மிஷன் வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற இரவு நடந்தது. ஜான் ஸ்கடரின் பேத்தி ஐடா, அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தவர், பெற்றோரைப் பார்க்க வந்திருக்கிறார். ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து, பிரசவ வலியில் துடிக்கும் தங்கள் மனைவிகளைப் பார்க்க அவரைக் கூப்பிடுகிறார்கள். அவர் மருத்துவர் இல்லை. அவருடைய தந்தை மருத்துவர், ஆனால் ஆண். ஆணை உள்ளே விட அவர்கள் தயாராக இல்லை. விடியும்போது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். ஐடா திரும்பிப் போய் மருத்துவம் படித்து, 1900இல் வேலூருக்கு வந்தார். மிச்சம் எல்லோருக்கும் தெரியும். சி.எம்.சி.

இந்தக் கதை ஆயிரம் முறை சொல்லப்பட்டிருக்கிறது. சொல்லப்படும் விதத்தைக் கவனியுங்கள். மூன்று பெண்களுக்கும் பெயர் இல்லை. அந்த மூன்று வீடுகளிலும் அன்றிரவு இருந்த மருத்துவச்சி யார், அவள் என்ன செய்தாள், அவளால் எது முடியவில்லை என்று யாரும் கேட்பதில்லை. மூன்று சாவுகளும் ஓர் அமெரிக்கப் பெண்ணின் மனம் மாறுவதற்கான படிக்கட்டுகளாக நிற்கின்றன. மேலே நான் சொன்ன இலக்கணம்தான், பெயரில்லாத குழந்தையின் இடத்தில் பெயரில்லாத பிணம்.

ஆனால் ஐடாவின் வாழ்க்கை அந்தக் கதையைவிடப் புத்திசாலித்தனமானது. அவர் வேலூரில் தான் ஒருத்தியே எல்லோருக்கும் பிரசவம் பார்த்துத் தீர்த்துவிடலாம் என்று நினைக்கவில்லை. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை ஆரம்பித்தார். அந்த மூன்று பெண்களின் இடத்தில் இருந்திருக்கக்கூடிய பெண்கள் கையில் கத்தியும் கத்தரியும் எடுத்தார்கள். கதையின் உண்மையான உச்சம் அதுதான். இருந்தும் மேடைகளில் சொல்லப்படுவது அந்த ஒரு இரவுதான். இரவில் நாடகம் இருக்கிறது, பள்ளிக்கூடம் நடத்துவதில் வெறும் வேலை மட்டும்தான் இருக்கிறது. நம் வாசிப்பு ருசியிலேயே ஒரு கோணல் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும் இடம் இது.

*

தமிழ்ப் புனைவில் இந்த விஷயத்தை நேருக்கு நேர் எடுத்த கதை ஜெயமோகனின் 'ஓலைச்சிலுவை'. 2011இல் 'அறம்' தொகுப்பில் வந்தது. அந்தத் தொகுப்பை முதலில் வெளியிட்டது திருவண்ணாமலையின் வம்சி புக்ஸ்தான். கதையின் மையத்தில் இருப்பவர் நிஜ மனிதர், டாக்டர் தியடோர் ஹோவர்ட் சாமர்வெல். 1922, 1924 எவரெஸ்ட் பயணக் குழுக்களில் இருந்த மலையேறி. முதல் பயணம் முடிந்து ஊர் திரும்பும் முன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர், நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் ஒரே ஒரு மருத்துவருக்காகக் காத்திருந்த நோயாளிக் கூட்டத்தைப் பார்த்தார். சுற்றுலாப் பயணியாக வந்தவர் அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். பிற்காலத்தில் வேலூரில் அறுவை சிகிச்சை கற்பித்தார்.

கதை நன்றாக இருப்பதற்கு முதல் காரணம், சாமர்வெல் அதைச் சொல்லவில்லை. பனையேறிக் குடும்பத்தில் பிறந்து, பசியினால் மிஷனுக்குள் வந்த ஒருவன் சொல்கிறான். பெற்றுக்கொண்டவனின் குரல். சோற்றுக்காகச் சேர்ந்தவன் என்ற கூச்சம் அவனுக்குள் இருக்கிறது, நம்பிக்கை இல்லை. காலரா காலத்தில், பிணங்களுக்கு நடுவில், ஒரு பனையோலைத் துண்டு சிலுவையாகும்போதுதான் அது வருகிறது. பசிக்காக மதம் மாறியவர்கள் என்று ஒரே வரியில் தள்ளிவிடப்படும் மனிதர்களுக்கு ஒரு அகம் உண்டு என்று தமிழில் இவ்வளவு அழுத்தமாகச் சொன்ன கதைகள் குறைவு.

என் மனக்குறை வேறு. 'அறம்' கதைகள் எல்லாம் ஒரு மகத்தான மனிதரை நோக்கி ஏறும் கதைகள். ஏறும்போது பக்கவாட்டில் பார்க்க நேரமிருக்காது. சாமர்வெல் அவ்வளவு உயரமாக நிற்கிறார், பக்கத்தில் நிற்கும் கம்பவுண்டரும் நர்சும் கண்ணில் படுவதில்லை. வெள்ளைக்கார டாக்டர் கேட்பதற்கும் நாஞ்சில் நாட்டுக் கிழவர் சொல்வதற்கும் நடுவில் பாலம் போட்டவர்கள் அந்த மருத்துவமனையில் இருந்திருப்பார்கள் அல்லவா? கதைசொல்லியே அப்படி ஒருவனாக வளர்ந்திருக்கக்கூடியவன். ஆனால் கதைக்கு அவனிடமிருந்து வேண்டியது சாட்சியம். அவனுடைய தொழில் அதற்குத் தேவைப்படவில்லை.

இங்கே நிஜ சாமர்வெல் கதையைவிட ஒரு படி கூடுதலாகக் கொடுக்கிறார். 1922 பயணத்தில் பனிச்சரிவில் ஏழு சுமைதூக்கிகள் இறந்தார்கள். இறந்த ஏழு பேரும் மலைவாசிகள், ஆங்கிலேயர் ஒருவர்கூட இல்லை. தங்களில் ஒருவராவது அவர்களோடு அந்தச் சாவைப் பங்கிட்டிருக்கக்கூடாதா என்று சாமர்வெல் பின்னர் வருந்தி எழுதியிருக்கிறார். மலையேற்றக் கதைகளில் நடுவில் நிற்பவர் ஷெர்பாதான். மூட்டை அவர் முதுகில், பெயர் இன்னொருவருக்கு. அதே ஆண்டில்தான் சாமர்வெல் நெய்யூருக்குப் போகிறார். அந்த ஏழு பேருக்கும் நெய்யூருக்கும் தொடர்பு உண்டென்று அடித்துச் சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் ஒரு புனைகதையாளருக்கு இதைவிட வளமான கேள்வி கிடைக்காது. அதை எழுத இன்னும் இடம் இருக்கிறது.

*

மருத்துவத்தை மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறேன். கட்டுமானத்துக்கும் வரவேண்டும். இரண்டு வாரத் தொண்டர்கள் எழுப்பும் சுவரைப் பற்றிய நகைச்சுவைகளை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நகைச்சுவையை விடுங்கள், கணக்காகப் பார்ப்போம். எங்கள் ஊரில் ஒரு கொத்தனார் கரண்டியைக் கையில் வாங்குவதற்கு முன் பல வருடம் கலவை குழைத்திருப்பார். தூக்குக்குண்டைப் பிடித்துப் பார்த்துச் சுவர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்ல ஒரு கண் வேண்டும். ரசமட்டம் இருந்தாலும் அந்தக் கண் வேண்டும். அந்த ஆளுக்கும் சித்தாளுக்கும் கூலி கிடைத்திருக்கவேண்டிய நாளில், விமானத்துக்குச் செலவழித்து வந்த ஒரு கல்லூரி மாணவர் செங்கல் வைக்கிறார். சுவர் எழும்புகிறது. கொத்தனார் பக்கத்தில் நின்று செங்கல் எடுத்துக் கொடுக்கிறார்.

இதற்கு நேர் எதிரான கதை லாரி பேக்கருடையது. பர்மிங்ஹாமில் கட்டடக்கலை படித்த குவேக்கர். 1945இல் தொழுநோயாளிகளுக்கான ஒரு மிஷனின் கட்டடக் கலைஞராக இந்தியா வந்தார். பழைய தொழுநோயில்லங்களைச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளாக மாற்றுவது வேலை. மருத்துவமும் கட்டுமானமும் சேர்ந்த மிஷன் வேலை என்றால் அசல் அதுதான். வந்த பிறகு, கையோடு கொண்டுவந்த கட்டடக்கலைப் படிப்பு இங்கே உள்ள மண்ணுக்கும் கல்லுக்கும் சாணத்துக்கும் பதில் சொல்லவில்லை என்று கண்டுகொண்டார். மனைவி எலிசபெத் ஜேக்கப் மருத்துவர். இருவரும் இமயமலையில் பித்தோராகட்டில் பல ஆண்டுகள் மருத்துவமனை நடத்தியபோது, அந்த ஊர் ஆட்கள் வீடு கட்டும் விதத்தைப் பார்த்து பேக்கர் மறுபடி படித்தார். பிறகு கேரளத்தில் அவர் கட்டிய செலவு குறைந்த வீடுகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 1989இல் இந்தியக் குடிமகனானார், 2007இல் திருவனந்தபுரத்தில் இறந்தார். அவர் வரைந்து எழுதிய சின்னச் சின்னக் கையேடுகளைப் பாருங்கள். கொத்தனாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர் கொத்தனாருக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவில் நின்று பேசுகிறார். நடுவில் நிற்பது ஒரு தொழில், அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தெரிந்த ஒருவரின் எழுத்து அது.

*

இப்போது மறுபடி ரமணாசிரமத்துக்கு வருவோம். தேடி வந்தவர்களின் புத்தகங்களிலும் இதே ஆள் இருக்கிறார். இங்கே அவர் காணாமல் போகவில்லை என்பதுதான் செய்தி. ரமணரோடு நடந்த உரையாடல்களின் மிகப்பெரிய தொகுப்பு 1935 முதல் 1939 வரை குறித்துவைக்கப்பட்டது. குறித்தவர் முனகால வெங்கடராமையா. வெளிநாட்டவர் கேட்கும் கேள்வியை ரமணருக்கும், ரமணர் தமிழிலோ தெலுங்கிலோ சொல்லும் பதிலை வெளிநாட்டவருக்கும் எடுத்துச் சொன்னவர்களில் அவர் ஒருவர். ஆங்கிலத்தில் எழுதிவைத்தார். இன்றைய தமிழ் வாசகர், ரமணர் தமிழில் பேசியதையும்கூட ஆங்கிலத்திலிருந்து திரும்பத் தமிழுக்கு வந்த வடிவத்தில் படிக்கிறார். விசித்திரமான சுற்று இது. ஆனாலும் ஒன்று நடந்தது. நடுவில் நின்றவர் எழுதினார். அவர் எழுதியதுதான் நூலாயிற்று.

1949இல் இங்கே வந்த ஹென்றி லெ சோ என்ற பிரெஞ்சு பெனடிக்டைன் துறவியையும் சொல்லவேண்டும். இந்தியாவில் கிறிஸ்தவத் துறவு வாழ்க்கையை நிறுவ வந்தவர், கொடுக்க வந்தவர்களின் வரிசையில் சேரவேண்டியவர். ரமணரைப் பார்த்த பிறகு அருணாசலத்தின் குகைகளில் போய்த் தங்கினார், அபிஷிக்தானந்தா ஆனார். குளித்தலைக்குப் பக்கத்தில் சாந்திவனத்தை மோன்சனினோடு சேர்ந்து உருவாக்கினார். அருணாசலத்தைப் பற்றி அவர் எழுதியதைப் படிக்கும்போது, கிறிஸ்துவையும் விடமுடியாமல் மலையையும் விடமுடியாமல் ஒருவர் தவிப்பது தெரியும். அவர் தானே நடுவில் போய் நின்றுகொண்டார். அந்த இடம் எவ்வளவு வலிக்கும் என்று எழுதியவர் அவர்.

*

இதற்கெல்லாம் ஒரு பதில் உண்டு, அதையும் வைத்துவிட வேண்டும். கண்புரை எடுத்துப் பார்வை வந்த கிழவருக்கு இந்த விமர்சனமெல்லாம் எதற்கு? கத்தி பிடித்தவர் இரண்டு வாரத்துக்கு வந்தாரா இருபது வருஷத்துக்கு வந்தாரா என்பது அவருக்கு முக்கியமா? முக்கியமில்லைதான். அந்தப் பார்வை உண்மை, அதற்கு முன் எந்தக் கட்டுரையும் நிற்காது. தொண்டு செய்ய வராதே என்று யாரிடமும் சொல்வது என் வேலை இல்லை. இல்லிச்சுக்கு இருந்த உரிமை எனக்குக் கிடையாது, அவர் தன் சொந்தச் சபையோடு சண்டை போட்டார். நான் பேசுவது கதையைப் பற்றி. கண் திறந்த கிழவர் முதலில் யார் முகத்தைப் பார்த்தார், என்ன கேட்டார், யார் பதில் சொன்னார்கள் என்று எழுதாத கதை அந்தப் பார்வைக்கே நியாயம் செய்யவில்லை.

கதை எப்படிச் சொல்லப்படுகிறது என்பது அடுத்த குழு எப்படி வரும் என்பதையும் தீர்மானிக்கிறது. சிரிக்கும் குழந்தையைப் படித்துவிட்டு வருகிறவர் குழந்தையைத் தேடுவார். மறுநாள் காலையைப் படித்துவிட்டு வருகிறவர், நாங்கள் போன பிறகு இந்த மாத்திரைக்கு யார் பதில் சொல்வது என்று கேட்பார். மொழிபெயர்ப்பவருக்கு எவ்வளவு கூலி என்று கேட்பார். கொத்தனாரிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டுத் தான் செங்கல் எடுத்துக் கொடுப்பார்.

நம் பக்கமும் ஒரு கடன் பாக்கி இருக்கிறது. மானிப்பாயில் கிறீனோடு உட்கார்ந்து சொல் தேடிய மாணவர்கள், திருக்கோவிலூரில் டேனிஷ்காரர்களுக்குத் தமிழ் நோயைச் சொன்ன கம்பவுண்டர்கள், வேலூரில் முதல் வருஷங்களில் வீடு வீடாகப் போன நர்சுகள், இவர்களை வைத்துத் தமிழில் ஒரு பெரிய நாவல் வந்திருக்கவேண்டும். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தவர்களின் மொழியும் தெரியும், தங்கள் தெருவின் மொழியும் தெரியும். இரண்டு பக்கத்துப் பொய்களும் தெரியும். எதை மொழிபெயர்க்காமல் விட்டார்கள் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். நாவலாசிரியருக்கு வேறென்ன வேண்டும்?

அந்த அக்காவிடம் இதைச் சொன்னேன். "நான் எழுதுனா யாருப்பா படிப்பா, ரெண்டு பக்கமும் கோவிச்சிக்குவாங்க" என்றார். ரெண்டு பக்கமும் கோவித்துக்கொள்ளும் புத்தகத்துக்காகத்தான் நான் காத்திருக்கிறேன்.